குரோமியத்தின் ஐந்தாவது வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அத்தானின் மூக்கிலிருந்து. கேட்க அவ்வளவு நன்றாக இல்லைதான். அதனால் வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"இந்த உலகம் தனிமங்களால் ஆனது. அவற்றில் ஒன்று மிகவும் பளபளப்பானது. அதன் பெயர்—"

பாடப்புத்தக வாடை அடித்தது. விட்டுவிட்டேன்.

"அந்தச் சிறுமி மேடையேறியபோது குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அளவுக்கு—"

எந்த அரங்கத்திலும் யாரும் குண்டூசி போட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த அரங்கத்தில் மூன்று கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. பொய்யில் தொடங்கினால் பொய்யில்தான் முடிக்க வேண்டியிருக்கும். அதையும் விட்டுவிட்டேன்.

நேராகச் சொல்கிறேன். நான் குழந்தைகள் மாத இதழ் ஒன்றில் அறிவியல் பக்கம் எழுதுகிறவள். என் அக்காவின் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவள் காதில் ஒன்றைப் போட்டால் அது தெருமுனைக் கடைக்கு அவளுக்கு முன்னால் போய்விடும். ஆகவே வீட்டில் அவளுக்கு டமாரம் என்று பெயர். அவளுடைய அப்பா, அதாவது என் அத்தான், முலாம் பட்டறையில் தொட்டி பார்க்கிறவர். மங்கலான பித்தளைக் குழாயும் சைக்கிள் கைப்பிடியும் உள்ளே போய், முகம் பார்க்கும் கண்ணாடியாக வெளியே வருகிற இடம் அது.

அத்தானுக்கு ஒரு வித்தை தெரியும். ஒரு நூலை வலது மூக்கில் விட்டு இடது மூக்கு வழியாக எடுப்பார். பிறகு இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு மத்துக் கயிறு மாதிரி முன்னும் பின்னும் இழுப்பார். பிறந்தநாள் வீடுகளில் இதற்குத் தனி மவுசு. பிள்ளைகள் வீறிடுவார்கள், பெரியவர்கள் "சீ" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை செய்யச் சொல்வார்கள். டமாரத்துக்குப் பெருமை தாங்காது. "எங்கப்பாவைத் தவிர உலகத்துலயே யாராலயும் முடியாது" என்று அறிவித்துக்கொண்டு திரிவாள். அவர் தூங்கும்போது மூக்கு மெல்ல விசிலடிக்கும். அதற்கும் வீட்டில் ஒரு பெயர் உண்டு, குக்கர்.

அக்கா சொல்வாள்: "எனக்கு ஒரு மூக்குத்தி வாங்கித் தர வழியில்ல. தான் மட்டும் உள்ளுக்குள்ள குத்திக்கிட்டாரு."*

* இதை அவள் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மேலே அந்தச் சிரிப்பை எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் நீங்களும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள்.

2

டமாரத்தின் பள்ளியில் அறிவியல் நாள் வந்தது. தலைப்பு: "தனிமங்களும் அன்றாடப் பயன்களும்". ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தனிமமாக மேடையேறி, "நான் இன்னார், இன்ன வேலைக்கு உதவுகிறேன்" என்று நான்கு வரி சொல்ல வேண்டும். அந்த நான்கு வரிகளை எழுதித்தர முடியுமா என்று வகுப்பு டீச்சர் என்னிடம் கேட்டார். எழுதித் தந்தேன்.

தனிமங்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது கல்யாணத் தரகு மாதிரியான வேலை. குணத்தை மட்டும் சொல்வோம். பையன் தங்கம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கால்சியம் பல்லுக்கு நல்லது, அயோடின் உப்பில் இருக்கிறது, கார்பன் பென்சில் முனையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதித்தருகிறது. ஹீலியத்துக்குப் பெரிய அடிதடி. பலூன் கையில் கிடைக்குமே. தங்கம் ஒரு டாக்டரின் பெண்ணுக்குப் போனது, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குரோமியம் டமாரத்துக்கு. "அப்பா பட்டறையில இருந்து பளபளன்னு ரெண்டு சாமான் கொண்டு வருவா இல்ல" என்றார் டீச்சர்.

நான் எழுதிய நான்கு வரிகள் இவை:

நான்தான் குரோமியம்.
உங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர் துருப்பிடிக்காமல் இருக்கிறதே, அது என்னால்.
உங்கள் குழாயும் சைக்கிள் கைப்பிடியும் மின்னுகிறதே, அதுவும் என்னால்.
மாணிக்கக் கல்லைச் சிவப்பாக்கியதும் நானேதான்.

இப்போது படித்தாலும் ஒரு வரியில்கூடப் பொய் இல்லை. நல்ல வரிகள்தான். டமாரம் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

3

சாமான் வாங்கி வரப் பட்டறைக்குப் போனோம், நானும் அவளும். அவள் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை.

(பட்டறையை வர்ணிக்க ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இருட்டு, புகை, நரகம் என்றெல்லாம் வந்தது. அதை எடுத்துவிட்டேன். அங்கே இருட்டு இல்லை. நல்ல குழல்விளக்கு போட்டிருக்கிறார்கள். மங்கலான இடத்தில் முலாமின் குறை தெரியாது.)

தகரக் கூரை. ஒரு பக்கம் பாலீஷ் சக்கரம். நடுவில் வரிசையாகத் தொட்டிகள். கடைசித் தொட்டியில் கருஞ்சிவப்பாக ஒரு நீர். மின்சாரம் பாயும்போது அதில் குமிழிகள் எழுந்து, எழுந்து, மேலே வந்து வெடிக்கும். வெடித்தால் கண்ணுக்குத் தெரியாத சாரல். தொட்டியின் விளிம்பில் அந்தச் சாரலை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு விசிறி இருந்தது. அதைச் சுழற்றும் பட்டை அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பாலீஷ்காரர் டமாரத்தைப் பார்த்ததும் சக்கரத்தை நிறுத்தினார். "அட, நம்ம தொட்டிக்காரர் பொண்ணா!"

அவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. "எங்கப்பா மூக்குல நூல் விடுவாரே, உங்களுக்குத் தெரியுமா? அது எங்கப்பாவால மட்டும்தான் முடியும்."

பாலீஷ்காரர் அத்தானைப் பார்த்தார். அத்தான் "சும்மா இரு" என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். ஆனால் இந்த மாதிரி ஒரு வாய்ப்பை யார் விடுவார்கள்? பாலீஷ்காரர் சக்கரத்துத் துணியிலிருந்து ஒரு நூலை உருவினார். வலதில் விட்டார். இடதில் எடுத்தார்.

டமாரம் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"இது என்ன பெரிய விஷயம்?" என்று அமிலத் தொட்டிப் பக்கமிருந்து இன்னொருவர் வந்தார். அவரும் செய்தார். சாமான்களைத் தொட்டியில் தொங்கவிடக் கம்பி கட்டுகிறவர் ஒரு நாசியை அடைத்துக்கொண்டு விசில் அடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு அது நல்ல பொழுது. சத்தம் கேட்டு முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். டமாரம் அவரிடம் நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்: "உங்களாலயும் முடியுமா?"

சிரிப்பு நின்றது. முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். பிறகு குனிந்து, கட்டைவிரலால் ஒரு நாசியை மூடி மூச்சு விட்டார். விசில் வந்தது.

"உங்கப்பன் நிக்கிற தொட்டியிலதான் பாப்பா நானும் நின்னேன். இந்தத் தொழில்ல மூக்கு போகாதவன் யாரு?"

புதிதாக முலாம் போட்ட ஒரு குழாயையும் ஒரு கைப்பிடியையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். "நானும் வரேன், அன்னைக்கு. நம்ம பட்டறைச் சாமான் மேடையேறுது, பார்க்க வேண்டாமா?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று அவரை மோசமாக எழுத நினைத்தேன். தொப்பை, மோதிரம், குரல் எல்லாம் தயார். அந்த விசில் வந்து கெடுத்துவிட்டது.

4

திரும்பும் வழியில் அவள் பேசவே இல்லை. டமாரம் பேசாமல் நடந்தால் தெருவே என்னமோ ஆகிவிட்ட மாதிரி இருக்கும்.

"சித்தி, எல்லாருக்கும் எப்படி முடியுது?"

சொன்னேன். அந்தச் சிவப்பு நீரில் கரைந்திருப்பது குரோமியம்தான் என்று. குழாயின் மேல் உலோகமாக ஒட்டிக்கொண்டபின் அது ஒன்றும் செய்யாது, சாரலாக மூக்குக்குள் போகும்போதுதான் நடுச்சுவரை அரிக்கிறது என்று.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவரையே கேளு."

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். அத்தான் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா."

"வலிக்குமாப்பா?"

"வலிச்சிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேனே. கொஞ்ச நாள் மூக்குல பொருக்கு கட்டுச்சு. சளின்னு நெனச்சேன். ஒருநாள் பார்த்தா காத்து அந்தப் பக்கமா போகுது. வலிக்காமயே போயிடுச்சு. அதான் அதோட கெட்ட குணம்."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் வித்தைன்னு காட்டினீங்க?"

அத்தான் துண்டால் கையைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"ஓட்டைன்னு காட்டினா யாருடா பார்ப்பாங்க?"

(இந்த இடத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதினேன். "அவர் கண்களில் ஒரு—" வேண்டாம். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை.)

5

ஐந்தாவது வரி அவளுடையது. என் கையெழுத்துக்குக் கீழே அவளே எழுதியிருந்தாள்:

எங்க அப்பா மூக்குல இருக்குற ஓட்டையும் நான்தான்.

எழுத்துத் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. அப்படியே விட்டு டீச்சரிடம் கொடுத்தேன்.

டீச்சர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னது இது: "சின்னப் பிள்ளைங்க. பயந்துடுவாங்க. அதுவும் போக, தலைப்பு 'பயன்கள்' இல்லையா? ஓட்டை ஒரு பயனா, சொல்லுங்க?"

"ஓட்டை இல்லாம அந்தப் பயன் வரலியே டீச்சர்."

"அதெல்லாம் பெரிய கிளாஸ்ல படிச்சுக்கட்டும்."

சிவப்புப் பேனாவால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஒழுங்கான, நேரான கோடு.

அக்காவும் கோட்டின் பக்கம்தான். "முதலாளி வராருல்ல? குழாயைக் காட்டு, நாலு வரியைச் சொல்லு, இறங்கி வந்துடு. நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றாள். டமாரம் தலையாட்டினாள். உடனே தலையாட்டினாள். அதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

6

பள்ளி அரங்கம். பிளாஸ்டிக் நாற்காலிகள். பிள்ளைகளின் கழுத்தில் தனிமத்தின் பெயர் எழுதிய அட்டை, தைக்கிற நூலில் கோத்துத் தொங்கியது. முதல் வரிசையில் முதலாளி வெள்ளைச் சட்டையில். அத்தான் நடுவில் எங்களோடு. மனிதர் முகச்சவரம் செய்து, தலைவாரி, கல்யாண வீட்டில் யாருக்கோ சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஹீலியத்தின் பலூன் பாதியிலேயே கூரைக்குப் போய்விட, ஹீலியம் அழுதது. சோடியம் வரியை மறந்து "நான்தான் உப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடியது. நன்றாகச் சிரித்தோம். பிறகு டமாரம் வந்தாள்.

ஒரு கையில் குழாய், ஒரு கையில் கைப்பிடி. விளக்கு வெளிச்சம் பட்டுச் சுவரெல்லாம் மின்னியது. நான்கு வரிகளையும் சொன்னாள். திக்காமல், மூச்சு விடாமல். கைதட்டல் ஆரம்பித்தது. அவள் இறங்கவில்லை.

"எங்க அப்பா மூக்குல இருக்குற ஓட்டையும் நான்தான்."

கைதட்டல் பாதியில் நின்றது. யாரோ சிரித்தார்கள், சரியாகக் காதில் விழாதவர்கள் சிரிப்பதுபோல. டீச்சர் மேடையோரம் இரண்டு அடி வைத்தார்.

"அப்பா, வாங்க. வந்து காட்டுங்க. பட்டறையில எல்லாருக்கும் இருக்கு. முதலாளிக்கும் இருக்கு."

முதல் வரிசையில் முதலாளி திரும்பினார். அவர் தேடியது அத்தானைத்தான். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அரங்கம் முழுவதும் அவர் பார்த்த திசையில் பார்த்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அத்தான் எழுந்தார்.

அவர் மேடை வரை நடந்த நேரத்தில் நான் ஒரு பெரிய கதை எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் மேலே போய், மகளின் தோளில் கைவைத்து, "ஆமாம், இவள் சொல்வது உண்மை" என்பார். அந்தக் கதையில் அப்படித்தான். எழுதியவள் நானல்லவா, நன்றாகவே எழுதியிருந்தேன்.

அவர் மேலே போனார். மகளின் கழுத்து அட்டையிலிருந்து நூலை உருவினார். அட்டை கீழே விழுந்தது. கூட்டத்தைப் பார்த்து, பிறந்தநாள் வீடுகளில் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார். வலதில் விட்டார். இடதில் எடுத்தார். இரண்டு முனைகளையும் பிடித்து, முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.

பிள்ளைகள் வீறிட்டார்கள். நாற்காலிகள் மேல் ஏறினார்கள். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" செய்தார். முதலாளி எழுந்து நின்று கைதட்டி, "நம்ம பட்டறை ஆளு!" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். அன்றைய நிகழ்ச்சியில் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். தங்கத்துக்குக்கூட அவ்வளவு கிடைக்கவில்லை.

அத்தான் குனிந்து வணங்கினார். அவர் பக்கத்தில் டமாரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

7

நீங்கள் அவரைத் திட்டத் தயாராக இருக்கலாம். திட்டுவதற்கு முன் அந்த மேடையில் ஏறிப் பாருங்கள். கீழே சம்பளம் கொடுக்கிறவர், பக்கத்தில் மகள், எதிரே அறிமுகமில்லாத ஊர்க் கூட்டம். கையில் இருப்பதோ ஒரே ஒரு வித்தை. நான் அதற்குமேல் அவருக்காக வாதாடப் போவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது இவ்வளவுதான்.

"ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? எல்லாரும் எப்படிக் கைதட்டினாங்க, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன கோபம்?"

"அதனாலதான்."

அதற்குப் பிறகு அப்பா கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொல்கிறாள். சாப்பாடு ஆச்சா, ஆச்சு. பள்ளிக்கு நேரமாச்சா, ஆச்சு. தானாக ஒரு வார்த்தை கிடையாது. தெருமுனைக் கடைக்காரர்கூட "உங்க வீட்டு டமாரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

மறு வாரம் டீச்சர் போன் செய்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "கிளாஸ்ல எல்லாப் பசங்களும் மூக்குல நூல் விட்டுப் பார்க்குறாங்க. ஒருத்தனுக்கு ரத்தமே வந்துடுச்சு. அப்படிச் செய்யக்கூடாதுன்னு இதழ்ல நீங்க நாலு வரி எழுதினா நல்லா இருக்கும்" என்றார்.

நாலு வரி. அந்த அறிவியல் நாளில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அந்த நூல் வித்தையைத்தான்.

8

இனி முடிக்க வேண்டும். சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாளி அன்றிரவு தூங்காமல் புரண்டு, மறுநாள் காலை விசிறிக்குப் புதுப் பட்டை வாங்கி மாட்டினார்.

(போன வாரம் குழாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பட்டை அப்படியேதான் தொங்குகிறது. முதலாளி எனக்குத் தேநீர் வரவழைத்தார். விசிறியைப் பற்றிக் கேட்டேன். "சொல்லியிருக்கேன், ஆள் வரணும்" என்றார். ஆள் வர வேண்டும்.)

அத்தான் வேலையை விட்டுவிட்டார்.

(திங்கட்கிழமை வழக்கம்போலப் போனார்.)

பல வருடங்கள் கழித்து, வேதியியல் படித்த ஒரு இளம்பெண் அந்தப் பட்டறையின் வாசலில் வந்து நின்று, தொட்டிகளை ஒவ்வொன்றாக—

(இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அந்த வரியை அடித்தேன். அவளுக்கு ஒன்பது வயது. ஒரு விசிறிப் பட்டை மாட்டுவதற்கு அவள் வளர்ந்து பட்டம் வாங்கி வர வேண்டுமா? பெரியவர்கள் நாம் என்ன செய்துகொண்டிருப்போம் அதுவரை? கதை எழுதிக்கொண்டா?)

9

அத்தானைப் பற்றியது என்பதால் அவரிடமே படிக்கக் கொடுத்தேன். வேலை முடிந்து வந்து, நாற்காலியை விளக்கடிக்கு இழுத்துப் போட்டு, உதட்டை அசைத்துப் படித்தார். மூக்குத்தி வரும் இடத்தில் சிரித்தார். மேடை வரும் இடத்தில் கொஞ்சம் வேகமாகத் தாளைத் திருப்பினார். அடுத்த அறையில் டமாரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"உள்ளதை அப்படியே எழுதிட்ட" என்றார்.

"எடுத்துடவா அத்தான்?"

"எடுக்க வேணாம். இருக்கட்டும்." தாள்களை முழங்காலில் தட்டி ஒழுங்குபடுத்தினார். "கடைசியில மட்டும் கொஞ்சம் மாத்தேன்."

"எப்படி?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ பழையபடி எங்கிட்டப் பேசற மாதிரி. உனக்கு என்ன, ஒரு வரிதானே."

ஒரு வரிதான். பேனாவை எடுத்தேன்.

"அடுத்த அறையிலிருந்து டமாரம் எழுந்து வந்து, அப்பாவின் பக்கத்தில்—"

"'அப்பா' என்று—"

"அவள்—"

அடுத்த அறையில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. நான் எழுதுவதை நிறுத்தினேன். யார் எதைச் சொன்னாலும் எழுதிவிடலாம். அவள் சொல்லாததை இதற்குமேல் என்னால் எழுத முடியாது. ஏற்கெனவே அவள் வரியின் மேல் ஒரு கோடு இருக்கிறது, ஒரு கைதட்டல் இருக்கிறது. என் பங்குக்கு நானும் ஒன்றைப் போட வேண்டாம்.

அத்தான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உங்களுக்கு அந்த வரி வந்தால் எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். அவரிடமே போய்ச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். மற்ற நாட்களில் கடைசித் தொட்டியருகே நிற்பார். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும், பாலீஷ் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்.